பெட்டியா, விரலா? மேஜிக்கை ஜெயிக்கவைப்பது எது?

ஆயிரக்கணக்கில் காசு கொட்டி வாங்கும் ஸ்பெஷல் ப்ராப்ஸ், ஒரு மேஜிஷியனைத் தூக்கிவிடுமா, காலை வாரிவிடுமா?

ஸ்கூல் ஆண்டு விழா, கல்யாண ரிசப்ஷன், அப்பார்ட்மென்ட் நியூ இயர் பார்ட்டி... எங்கே மேஜிக் ஷோ நடந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். டிராகன் படம் போட்ட பளபளப் பெட்டி ஒன்றை மேஜிஷியன் திறந்து காட்டுவார். காலி. மூடித் திறந்தால் உள்ளே புறா! எல்லோரும் கைதட்டும்போது பின்வரிசைப் பொடியன் ஒருத்தன் மட்டும், "பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி இருக்குப்பா, எல்லாம் செட்டப்பு" என்பான்.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால், ரகசியம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். மேஜிக்கில் அதுவே பாதித் தோல்வி.

இப்போ இன்னொரு காட்சி. உங்களிடமே ஒரு ரூபாய் காசு வாங்கி, உங்கள் கண் முன்னாலேயே ஒருத்தர் மறைய வைக்கிறார். எதைக் குறை சொல்வீங்க? காசு உங்களுடையது. பெட்டியும் இல்லை, திரையும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு மூளை அப்படியே நின்றுவிடும்.

அப்படியென்றால் ஸ்பெஷல் ப்ராப்ஸே தேவையில்லையா? அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. மேஜிக்கின் வரலாற்றில் ப்ராப்ஸ் ஜெயித்த கதையும் உண்டு, தோற்ற கதையும் உண்டு, ஆளையே காவு வாங்கிய கதையும் உண்டு.

ப்ராப்ஸில் 4 ரகம்

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வோம்.

1. பார்த்தாலே மேஜிக் சாமான்: கத்தி செருகும் அலமாரி, பூ வரும் குழாய், டிராகன் பெட்டி. மேஜிக் கடையைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இவற்றைப் பார்க்க முடியாது.

2. சாதுவாகத் தெரியும் சாமான்: பார்க்க சாதாரணச் சீட்டுக்கட்டு, சாதாரண நாணயம், சாதாரணப் பேனா. உள்ளே மட்டும் ஒரு சூட்சுமம். மேஜிக்காரர்கள் இதை 'கிம்மிக்' என்பார்கள்.

3. கண்ணுக்கே தெரியாத சாமான்: நூல், காந்தம், கண்ணாடி. இவை இருப்பதே ஆடியன்ஸுக்குத் தெரியக் கூடாது.

4. நிஜமாகவே சாதாரண சாமான்: கடன் வாங்கிய மோதிரம், ஹோட்டல் டேபிளில் இருக்கும் டம்ளர், உங்கள் பாக்கெட்டில் இருக்கும் காசு.

இந்த நாலில் எது உசத்தி என்பது கேள்வியே இல்லை. எந்த ரகம் எந்த இடத்தில் சந்தேகத்தைக் கிளப்புகிறது, எந்த இடத்தில் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிறது என்பதுதான் விஷயம்.

மூணு கிண்ணம், நாலு உருண்டை

தமிழில் 'செப்படி வித்தை' என்று ஒரு வார்த்தை இருக்கு இல்லையா? இன்றைக்கு அரசியல்வாதிகள் ஒருத்தரையொருத்தர் திட்டத்தான் அது அதிகம் பயன்படுகிறது. ஆனால், அது ஒரு நிஜமான மேஜிக்கின் பெயர். 'செப்பு' என்றால் சிமிழ், சின்னக் கிண்ணம். குழந்தைகள் விளையாடும் சொப்புச் சாமானும் அதே குடும்பம்தான். கிண்ணத்துக்கு அடியில் உருண்டையை மறைத்தும் வரவழைத்தும் காட்டும் வித்தைதான் செப்படி வித்தை.

உலகத்தின் மிகப் பழைய மேஜிக்குகளில் இதுவும் ஒன்று. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா, கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்து வித்தை காட்டுபவர்களைப் பற்றித் தன் கடிதம் ஒன்றில் குறிப்பிட்டிருக்கிறார். அவர்கள் தன்னை ஏமாற்றுவதுதான் தனக்கு சந்தோஷம், சூட்சுமம் தெரிந்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அன்றைக்கே மனுஷன் நல்ல ஆடியன்ஸாக இருந்திருக்கிறார்!

நம் ஊர்த் தெருக்களில் வித்தை காட்டியவர்கள், தலையில் குமிழ் வைத்த சின்னக் கிண்ணங்களையும் துணி உருண்டைகளையும் வைத்தே இதைச் செய்தார்கள். மேடை இல்லை, திரை இல்லை. நாலு பக்கமும் ஆள் சூழ்ந்து நிற்கும். இரட்டை அறைப் பெட்டி அங்கே எடுபடாது. விரலும் வாயும் மட்டும்தான் கைகொடுக்கும்.

அமெரிக்காவின் பென் அண்ட் டெல்லர் ஜோடி இந்த வித்தையை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனது. முதலில் சாதாரணமாகச் செய்துகாட்டுவார்கள். பிறகு அதையே உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் கப்புகளில் செய்வார்கள். உருண்டை எப்போது உள்ளே போகிறது என்பது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கை போகும் வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறும். ப்ராப்ஸின் கடைசி மறைப்பையும் கழற்றிவிட்ட பிறகும் மேஜிக் நிற்கிறது!

இதைவிடப் பெரிய உதாரணம் அர்ஜென்டினாவின் ரெனே லாவண்ட் (1928–2015). 9 வயதில் ஒரு விபத்தில் வலது கையை இழந்தவர். மிச்சம் இருந்த இடது கையை மட்டும் வைத்துச் சீட்டு மேஜிக்கில் உலகப் புகழ் பெற்றார். அவருடைய பிரபலமான ஒரு வித்தைக்கு என்ன ப்ராப்ஸ் தெரியுமா? ஒரு கப்பும் மூன்று ரொட்டித் துணுக்குகளும்தான். ஒரு துணுக்கைத் தூர எறிவார். கப்பைக் கவிழ்த்தால் மூன்றும் உள்ளே இருக்கும். மறுபடியும் செய்வார், முன்பைவிட மெதுவாக. அதற்கும் அடுத்த தடவை இன்னும் மெதுவாக. யூடியூபில் தேடிப் பாருங்க. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை.

கண்ணு எங்கே போகுது?

சாதாரணப் பொருளை வைத்தே இவ்வளவு செய்ய முடிகிறது என்றால், வேலை எங்கே நடக்கிறது? பிரிட்டனைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் குஸ்டவ் கூன் 2006-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு மேஜிஷியன் பந்தை இரண்டு தடவை மேலே தூக்கிப்போட்டுப் பிடிப்பார். மூன்றாவது தடவை தூக்கிப்போடுவதுபோல் பாவனை மட்டும் செய்வார். பந்து கையிலேயே இருக்கும். வீடியோ பார்த்தவர்களில் பலர், பந்து மேலே போய்க் காற்றில் மறைந்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. மூன்றாவது தடவை மேஜிஷியனின் பார்வையும் பந்தைத் தேடி மேலே போனபோது, 100-ல் 68 பேர் ஏமாந்தார்கள். பார்வையைக் கையிலேயே வைத்திருந்தபோது 32 பேர்தான் ஏமாந்தார்கள். அதே பந்து, அதே கை. மாறியது கண் போன திசை மட்டும்தான். உலகத்தின் விலை உயர்ந்த கிம்மிக்கை வாங்கிவிட்டு, ரகசியம் இருக்கும் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நீங்களே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள்.

மெட்ராஸில் காற்றில் உட்கார்ந்தவர்

சரி, ப்ராப்ஸ் ஜெயித்த கதைக்கு வருவோம். அது மெட்ராஸிலிருந்தே தொடங்குகிறது.

1830-ஐ ஒட்டிய வருடங்களில் மெட்ராஸில் ஷேஷால் என்று ஒரு வித்தைக்காரர் இருந்தார். ஒரு முக்காலி, அதில் செருகிய ஒரு மூங்கில் தடி, அதன்மேல் மான்தோல் சுற்றிய ஒரு கைதாங்கி. அதில் கையை மட்டும் லேசாக வைத்துக்கொண்டு, தரையைத் தொடாமல் சம்மணமிட்டுக் காற்றில் உட்கார்ந்திருப்பார். 'காற்றில் அமர்ந்த பிராமணர்' என்று இங்கிலாந்துப் பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வந்தது. உட்காரும்போதும் இறங்கும்போதும் மட்டும் துணியால் மறைத்துக்கொள்வாராம். உள்ளே இரும்புத் தாங்கி இருந்திருக்க வேண்டும் என்பதுதான் பிற்காலத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். இன்றைக்கு ஐரோப்பிய நகரத் தெருக்களில் தடியைப் பிடித்தபடி 'மிதக்கும்' சாமியார்கள் எல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

1847-ல் பாரீஸில் இதே போன்ற வித்தை வேறொரு வேஷத்தில் மேடையேறியது. செய்தவர் ராபர்ட் ஹூடின். கடிகாரம் செய்பவராக இருந்து மேஜிக்குக்கு வந்தவர். இவர் பெயரைத்தான் பின்னாளில் ஹூடினி தனக்குச் சூட்டிக்கொண்டார். அந்தச் சமயத்தில் ஈதர் மயக்க மருந்துதான் ஊரெல்லாம் பேச்சு. ராபர்ட் ஹூடின் தன் மகனுக்கு ஈதரை முகரக் கொடுத்து, 'இப்போது இவன் உடம்பு லேசாகிவிட்டது' என்று சொல்லி, ஒற்றைத் தடியின்மேல் அவனைப் படுக்கையாக மிதக்கவிட்டார். அரங்கம் முழுக்க ஈதர் வாசனை அடிக்கும்படியும் பார்த்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்க. அத்தனை பேரும் ஈதரைப் பற்றி யோசிக்கிறார்கள், தடியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கதை ஸ்ட்ராங்காக இருந்தால், ப்ராப்ஸ் தானாகக் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

அவருடைய இன்னொரு வித்தை 'லேசான, கனமான பெட்டி'. சின்னப் பையன்கூட அதைத் தூக்கிவிடுவான். மேஜிஷியன் சொன்னதும் பலசாலியாலும் அசைக்க முடியாது. தரைக்கு அடியில் மின்காந்தம்! 1856-ல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்கோடு இருந்த மதத் தலைவர்களைவிட பிரெஞ்சுக்காரர்களின் 'சக்தி' பெரியது என்று காட்டுவதுதான் நோக்கம். காலனி ஆதிக்கத்துக்கு மேஜிக்கை ஆயுதமாகப் பயன்படுத்திய கசப்பான கதை அது. அந்தப் பெட்டி ஜெயித்ததற்குக் காரணம், பார்ப்பதற்கு அது வெறும் பெட்டியாக இருந்ததும், மின்காந்தம் என்பது அன்று பெரும்பாலானோர் கேள்விப்படாத விஷயமாக இருந்ததும்தான்.

இன்றைக்கு அதையே செய்தால்? ஆறாம் வகுப்புப் பையன் "மேக்னட்" என்று சொல்லிவிடுவான். தொழில்நுட்பத்தை நம்பும் ப்ராப்ஸுக்கு எக்ஸ்பயரி தேதி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பெட்டி பெருசானா சந்தேகமும் பெருசு

1918 ஜனவரியில் நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் அரங்கத்தில் ஹூடினி ஒரு யானையை மறைய வைத்தார். ஜென்னி என்பது அதன் பெயர். கேட்கும்போதே புல்லரிக்கிறது இல்லையா? ஆனால், யானையை மறைக்க யானையைவிடப் பெரிய பெட்டி வேண்டுமே! அவ்வளவு பெரிய அறை போன்ற பெட்டிக்குள் யானையை அனுப்பி, கதவைத் திறந்து 'காணோம்' என்று காட்டினார். பிரமாண்டமான அந்த அரங்கத்தில் நேர் எதிரே உட்கார்ந்திருந்த கொஞ்சம் பேருக்குத்தான் பெட்டியின் உள்பக்கம் சரியாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பெட்டிதான் தெரிந்தது. செய்தியாக அது ஹிட். மேஜிக்காக ஹூடினியின் சிறந்த வித்தை என்று யாரும் அதைச் சொல்வதில்லை.

அதே ஹூடினி 1908-ல் செய்த வேறொரு வித்தையைப் பாருங்க. தண்ணீர் நிரப்பிய ஒரு பால் கேனுக்குள் அவரை அடைத்துப் பூட்டுவார்கள். தப்பி வெளியே வருவார். கேன் ஸ்பெஷலாகச் செய்யப்பட்டதுதான். ஆனால், அந்தக் கால அமெரிக்கர்கள் தினமும் வாசலில் பார்த்துப் பழகிய பொருளின் உருவம் அதற்கு இருந்தது. யாருக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை. கூடவே, ஹூடினி உள்ளே போனதும் தன்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துப் பார்க்கும்படி ஆடியன்ஸைக் கேட்டுக்கொள்வார். ஒரு நிமிஷத்தில் எல்லோரும் மூச்சு வாங்குவார்கள். அவர் மட்டும் உள்ளேயே இருப்பார். பதற்றம் எகிறும்!

ஆளை இரண்டாக அறுக்கும் பெட்டிக்கும் ஒரு கதை இருக்கு. 1921-ல் லண்டனில் பி.டி.செல்பிட் இதை மேடையேற்றினார். ஹோரஸ் கோல்டின் என்பவர் பெட்டியில் வைத்து அறுக்கும் தன்னுடைய முறையை உருவாக்கி, 1923-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். பாதுகாப்புக்காகச் செய்த அந்தக் காரியமே வினையானது. காப்புரிமை என்றால் ரகசியத்தை எழுதிக்கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். 1930-களில் ஒரு சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்தில் அந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தது. கோல்டின் வழக்குப் போட்டார். நீங்களே ஊருக்குச் சொல்லிவிட்ட ரகசியம்தானே என்று 1938-ல் வழக்குத் தள்ளுபடியானது.

விரல் பயிற்சியை யாரும் திருட முடியாது. ரகசியம் முழுக்கப் பொருளுக்குள் இருந்தால், பொருள் வெளியே போகும் நாளில் ரகசியமும் கூடவே போய்விடும். இன்றைக்கு ஆன்லைனில் வரும் எந்த கிம்மிக்குக்கும் இதுதான் கதி. காலையில் விற்பனைக்கு வந்தால், மாலையில் 'ரிவீல்டு' வீடியோ வந்துவிடும்.

அதே ரம்பம், வேற லெவல்

அப்படியென்றால் பெரிய ப்ராப்ஸ் எல்லாம் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. 1,000 பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில் ஒரு ரூபாய் காசு கடைசி வரிசைக்குத் தெரியாது. மேடை என்றால் அளவு வேண்டும், நிறம் வேண்டும், சத்தம் வேண்டும்.

வங்காளத்தின் பி.சி.சர்கார் (1913–1971) இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். மகாராஜா உடை, பிரமாண்ட செட், பெரிய குழு என்று 'இந்திரஜால்' ஷோவோடு உலகத்தைச் சுற்றியவர். 1956 ஏப்ரல் 9 அன்று பி.பி.சி-யின் 'பனோரமா' நிகழ்ச்சியில் நேரலையாக ஓர் இளம்பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அறுத்து முடித்ததும் அவரை எழுப்ப முயன்றார். பெண் எழவில்லை. சர்கார் முகத்தில் கலக்கம். உடனே தொகுப்பாளர் கேமரா முன்னால் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஒரு பெண்ணை நேரலையில் கொன்றுவிட்டார்கள் என்று பதறிப்போன மக்களின் அழைப்புகளால் பி.பி.சி-யின் தொலைபேசி இணைப்புகள் ஸ்தம்பித்தன. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பத்திரிகை எல்லாம் சர்கார்தான்!

ரம்பத்தால் அறுப்பது 1956-ல் புதுசே இல்லை. ரகசியமும் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. ஆனாலும் ஒரு நாடே நம்பியது. காரணம், நேரம் முடியும் சரியான நொடி, அந்த முகபாவம், எழுப்ப முயன்ற அந்தத் தவிப்பு. ப்ராப்ஸ் பழசு, நடிப்பு புதுசு.

இன்னொரு வகையில் ப்ராப்ஸை புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தியவர் டேவிட் காப்பர்ஃபீல்டு. 1992-ல் டி.வி-யில் வந்த அவருடைய 'பறக்கும்' வித்தையைப் பார்க்கும் யாருக்கும் முதலில் 'கயிறு கட்டியிருப்பார்' என்றுதான் தோன்றும். அது அவருக்கும் தெரியும். அதனால் பறந்துகொண்டே சுழலும் வளையங்களுக்குள் நுழைந்து வெளியே வருவார். கண்ணாடிப் பெட்டிக்குள் இறங்கி, மேலே மூடிய பிறகும் உள்ளே மிதப்பார். அங்கே வளையமும் கண்ணாடிப் பெட்டியும் எதையும் மறைப்பதற்காக வரவில்லை. உங்கள் சந்தேகத்தை ஒவ்வொன்றாக அடிப்பதற்காக வந்திருக்கின்றன. ஸ்பெயின் நாட்டு மேதை ஹுவான் தமரிஸ் வலியுறுத்துவதும் இதைத்தான்: ஆடியன்ஸ் மனதில் என்னென்ன விடை தோன்றும் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வர வேண்டும்.

உயிர் விலை

கிறிஸ்டோபர் நோலனின் 'தி ப்ரெஸ்டீஜ்' படத்தில் சுங் லிங் சூ என்ற வயதான சீன மேஜிஷியன் வருவார், ஞாபகம் இருக்கா? நிஜ வாழ்க்கையில் அந்தப் பெயரில் மேடையேறியவர் சீனரே இல்லை. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். வெளியுலகில் சீனராகவே வாழ்ந்துகாட்டியவர், மேடையில் ஆங்கிலம் பேசவே மாட்டார்.

அவருடைய பெரிய வித்தை, துப்பாக்கித் தோட்டாவைக் கையால் பிடிப்பது. ஆடியன்ஸ் அடையாளம் போட்ட தோட்டாவையே துப்பாக்கியில் போட்டுச் சுடுவார்கள். ஆனால், உள்ளே ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. தோட்டா இருக்கும் குழாய் வெடிக்காது. அதற்குக் கீழே இருக்கும் இன்னொரு குழாயில் வெறும் மருந்து மட்டும் வெடிக்கும். பல வருடப் பயன்பாட்டில் அந்தத் துப்பாக்கி தேய்ந்துபோனது. இரண்டுக்கும் நடுவே மருந்துத் துகள் புகும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. 1918 மார்ச் 23 இரவு, லண்டனின் வுட் கிரீன் எம்பயர் அரங்கத்தில் நிஜத் தோட்டா பாய்ந்தது. அப்போதுதான் மேடையில் முதன்முறையாக ஆங்கிலத்தில் பேசினார். திரையை இறக்கச் சொன்னார். மறுநாள் இறந்துபோனார். விசாரணையில் விபத்து என்று தீர்ப்பானது.

அது பழங்கதை என்று நினைக்காதீங்க. 2019 ஜூன் 16 அன்று கொல்கத்தாவில் 'ஜாதுகர் மாண்ட்ரேக்' என்ற பெயரில் மேஜிக் செய்த சஞ்சல் லாஹிரி, சங்கிலியும் பூட்டும் போட்டுக்கொண்டு ஹூக்ளி ஆற்றில் இறங்கினார். திரும்பி வரவில்லை. மறுநாள்தான் உடல் கிடைத்தது.

பூட்டு, கத்தி, நெருப்பு, தண்ணீர், துப்பாக்கி... இவற்றில் ப்ராப்ஸ் பழுதானால் கைத்திறமை காப்பாற்றாது. ரீல்ஸ் பார்த்துவிட்டு வீட்டில் முயற்சி செய்யும் விஷயமே இல்லை இது. ரகசியம் தெரிந்துவிட்டது என்பதால் ஆபத்து போய்விடாது. ராபின்சனுக்கு ரகசியம் தெரியாமலா இருந்தது?

நம்ம ஊருக்கு எது 'சாதாரணம்'?

பல இளம் மேஜிஷியன்கள் சறுக்கும் இடம் இதுதான். யூடியூபில் அமெரிக்கர்கள் செய்யும் எல்லா சீட்டு மேஜிக்கிலும் ஒரே மாதிரி சிவப்பு, நீல 'பைசைக்கிள்' சீட்டுக்கட்டு இருக்கும். ஏன்? அந்த ஊரில் அது வீட்டுக்கு வீடு இருக்கும் கட்டு. யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். அதையே இங்கே இறக்குமதி விலை கொடுத்து வாங்கி எடுத்தால், "இது மேஜிக் கார்டா ப்ரோ?" என்பதுதான் முதல் கேள்வி. அங்கே சந்தேகத்தைத் தீர்க்கும் பொருள், இங்கே சந்தேகத்தைக் கிளப்புகிறது. நம் பெட்டிக்கடையில் கிடைக்கும் கட்டை, சீல் பிரிக்காமல் ஆடியன்ஸையே வாங்கிவரச் சொல்லிப் பாருங்க. வித்தியாசம் புரியும்.

காசு மேஜிக்கும் இப்படித்தான். இந்தத் துறையின் பாடப்புத்தகம் என்று சொல்லப்படும் ஜே.பி.போபோவின் 1952-ஆம் வருடப் புத்தகம் உட்பட, பெரும்பாலான பாடங்கள் அமெரிக்க அரை டாலரை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. அதன் விட்டம் 30.6 மி.மீ. உள்ளங்கையில் பிடிக்க வசதி. நம் 10 ரூபாய் நாணயம் 27 மி.மீ, ஒரு ரூபாய் அதைவிடச் சின்னது. டெக்னிக்கை நம் காசுக்கு ஏற்ப மாற்றிப் பழக வேண்டும். அரை டாலரை எடுத்தால் ஆடியன்ஸ் கவனம் முழுக்க, 'இது எந்த நாட்டுக் காசு?' என்பதிலேயே போய்விடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஜிபே வந்த பிறகு பாதிப் பேர் பாக்கெட்டில் காசே இல்லை! இன்றைக்கு எல்லோர் கையிலும் இருக்கும் ஒரே பொருள் போன்தான். அதனால்தான் போன் மேஜிக் இவ்வளவு பெருகிவிட்டது. ஆனால், உங்கள் போனை எடுத்து மேஜிக் செய்தால் "ஏதோ ஆப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதே வித்தை அவர்களுடைய போனில், அவர்கள் கையிலேயே நடந்தால்தான் வாய் பிளப்பார்கள்.

கிம்மிக்கை எப்படி மதிப்பது?

கிம்மிக் என்றாலே சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. 1950-களில் 'சாப் சாப்' என்ற பெயரில் மேடையேறிய ஆல் வீட்லி, செப்படி வித்தையை ஒரே கப், ஒரே உருண்டை என்று சுருக்கிக்காட்டினார். கப்பில் ஒரு சூட்சுமம் இருந்தது. அவர் பெயராலேயே அது 'சாப் கப்' ஆனது. இன்று வரை பெரிய பெரிய ஆட்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஏனென்றால், அது வித்தையை எளிமையாக்கியது. ஒரு கப், ஒரு கேள்வி: 'உருண்டை எங்கே?' தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் புரியும். ஆனால், கைத்திறமை இல்லாதவர் அதை வாங்கினால் பத்து விநாடி மேஜிக்தான் கிடைக்கும்.

இன்னொரு பக்கம் ரிக்கி ஜே (1946–2018). 1994-ல் நியூயார்க்கில் 'ரிக்கி ஜேயும் 52 உதவியாளர்களும்' என்று ஒரு முழு நீள மேடை நிகழ்ச்சி நடத்தினார். அந்த 52 உதவியாளர்கள் யார் என்றால், ஒரு சீட்டுக்கட்டு! 1922-ல் டை வெர்னன், தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று சவால்விட்ட ஹூடினியையே ஒரு சீட்டு வித்தையால் மடக்கியதும், 1997-ல் டேவிட் பிளெய்ன் நியூயார்க் தெருவில் சீட்டுக்கட்டோடு நடந்து டி.வி மேஜிக்கையே மாற்றியதும் இதே வழியில்தான். பிளெய்னின் நிகழ்ச்சியில் கேமரா சீட்டைவிட, பார்ப்பவர்களின் முகத்தைத்தான் அதிகம் காட்டியது. அந்த முகங்கள்தான் அவருடைய நிஜமான ப்ராப்ஸ்.

வாங்கும் முன் 6 கேள்விகள்

பிறந்தநாள் விழாக்களில் மேஜிக் செய்து நாலு காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், முதல் சம்பளத்தைப் பெட்டியில் போடுவதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்க.

1. மேஜிக் கடையைத் தவிர வேறு எங்காவது இந்தப் பொருளை ஆடியன்ஸ் பார்த்திருப்பார்களா?

2. "கொஞ்சம் குடுங்க, பாக்குறேன்" என்று ஒருத்தர் கேட்டால் கொடுக்க முடியுமா? முடியாது என்றால், அவர் கேட்கவே தோன்றாத மாதிரி நிகழ்ச்சியை அமைக்க முடியுமா?

3. நாலு பக்கமும் ஆள் நின்றால் வேலை செய்யுமா, நேர் எதிரே இருந்தால் மட்டும்தானா?

4. மேடையில் பாதியில் பழுதானால் சமாளித்து முடிக்க கைவசம் வேறு வழி இருக்கிறதா?

5. இதைக் காட்டும்போது சொல்ல ஒரு கதை இருக்கிறதா, 'காலி பாருங்க, இப்போ பாருங்க' மட்டும்தானா?

6. இதே பணத்தில் ஒரு நல்ல புத்தகமும் இரண்டு சீட்டுக்கட்டும் வாங்கி, ஆறு மாதம் பழகினால் இதைவிட அதிகம் கிடைக்குமா?

குழந்தைகள் பார்ட்டி என்றால் ஒரு விதிவிலக்கு. வண்ணப் பெட்டி, கைக்குட்டை, பெரிய குழாய் எல்லாம் அங்கே நன்றாகவே எடுபடும். ஐந்து வயதுக் குழந்தைக்குச் சீட்டில் கிளாவர் எது, ஆர்ட்டின் எது என்றே தெரியாது. பளபளப்பும் சிரிப்பும்தான் அங்கே மொழி. அதே பெட்டியைக் காலேஜ் கல்ச்சுரல்ஸில் எடுத்தால் கலாய்த்துத் தள்ளிவிடுவார்கள். இடம் பார்த்து ப்ராப்ஸ் எடுப்பதும் ஒரு திறமைதான்.

கடைசியா ஒரு டெஸ்ட்

உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தவர் மறுநாள் நண்பரிடம் அதை எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். "அவர்கிட்ட ஒரு பெட்டி இருந்துச்சு மச்சான், அதுல..." என்று ஆரம்பித்தால், அன்றைக்கு மேடையில் ஜெயித்தது பெட்டி. அதைச் செய்துகொடுத்த தச்சருக்குத்தான் பாராட்டுப் போய்ச் சேர வேண்டும்.

"என் மோதிரத்தை வாங்கினார்டா, என் கைக்குள்ள வச்சு மூடச் சொன்னார், திறந்து பார்த்தா..." என்று ஆரம்பித்தால், நீங்கள் எத்தனை ஆயிரம் ரூபாய் கிம்மிக் பயன்படுத்தியிருந்தாலும் கவலை இல்லை. அது அவர் கண்ணில் படவே இல்லை. நல்ல ப்ராப்ஸுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.